இருபத்து மூன்று வாஃபிள் கல்லும் செம்பூர் கடையும்

எனக்கு முதன்முதலில் அநியாயம் செய்தவர் பலவேசம் அண்ணாச்சி. அவருக்குப் பிறகும் பலர் செய்திருக்கிறார்கள். ஆனால் வரிசையில் முதல் இடம் அவருக்குத்தான், அதை நான் யாருக்கும் மாற்றிக் கொடுக்கவில்லை.

பம்பாயில், மாதுங்காவில் அவருக்குப் பாத்திரக் கடை. பாத்திரக் கடை வேலை என்றால் பாத்திரம் விற்பது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். இல்லை. வீட்டில் இருக்கிற பழைய பாத்திரத்தின் குறைகளை நின்றுகொண்டே கேட்பதுதான் வேலை. அடி பிடிக்கிறது, காது கழன்றுவிட்டது, மாமியார் வீட்டுச் சீரில் வந்ததே ஓட்டை, இப்படி எல்லாவற்றையும் கேட்டு முடித்தால் புதுசு தானாக விலை போகும். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு நான் மேற்கொண்டு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. ஆனால் கடையில் பேர் வெட்டுகிறவன் நான்தான். நம்மவர்கள் ஒரு கரண்டி வாங்கினால்கூடப் பேர் வெட்டாமல் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். தமிழ், இங்கிலீஷ், குஜராத்தி, மராத்தி நாலிலும் வெட்டுவேன். தமிழைத் தவிர மற்றதைப் படிக்கத் தெரியாது. காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் கோலத்தைப் பார்த்துப் போடுவது மாதிரி உளியால் போட்டுவிடுவேன். அறுபதுகளின் நடுவில், கல்யாணமான புதிதில், அந்தக் கடையில் நடந்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கனத்தைப் பார்த்து எடுத்த பெட்டி

ஆள் வந்து எடுக்காத சரக்கைத் துறைமுகத்தில் ஏலம் விடுவார்கள். அண்ணாச்சி அங்கே போய் ஒரு மரப்பெட்டியை ஆட்டிப் பார்த்தார். நல்ல கனம். பலகை இடுக்கு வழியாகக் கறுப்பாக இரும்பு வட்டம் தெரிந்தது. தோசைக்கல் என்று முடிவு செய்து எடுத்துவிட்டார். கடையில் கொண்டுவந்து பிரித்தால், ஒவ்வொன்றும் இரண்டு இரண்டு தட்டு, நடுவில் கீல், உள்பக்கம் முழுக்கச் சதுரம் சதுரமாக மேடும் பள்ளமும், நீளமாக ஒரு பிடி, அடுப்பில் உட்கார ஒரு வளையம். மொத்தம் இருபத்து நாலு. பாதிக்குமேல் ஆழமான கட்டம், மீதி மேலோட்டமான கட்டம், கனத்திலும் ஒன்றுக்கொன்று வித்தியாசம்.

அண்ணாச்சியின் மனைவிக்குத் தம்பி தங்கச்சாமி ஊரிலிருந்து வந்து அப்போது ஆறு மாதம். அவன் ஒன்றை எடுத்து மூடித் திறந்து பார்த்துவிட்டு எலிப்பொறி என்றான். எதிர்த்த சாரியில் இருந்த இரானி பேக்கரிக்காரர்தான் வந்து பார்த்து, இதற்குப் பேர் வாஃபிள் கல், மாவை ஊற்றி மூடித் திருப்பிப் போட்டுச் சுட வேண்டும், வெள்ளைக்காரர்கள் காலையில் தேன் ஊற்றித் தின்பார்கள் என்று சொன்னார். மாதுங்காவில் எத்தனை வெள்ளைக்காரர்கள் என்று அண்ணாச்சி யோசித்துக்கொண்டு நின்றார். கடை சாத்துகிற நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். தங்கச்சாமியும் பக்கத்தில்தான் நின்றான்.

அந்தச் சமயம் செம்பூரில் இன்னொரு கடைக்கு இடம் பார்த்து வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் ஒரு அறையும் உண்டு. நானும் என் வீட்டுக்காரி பேச்சியம்மாளும் தாராவியில் அவள் அக்கா குடும்பத்தோடு ஒரே அறையில் இருந்தோம். எட்டுப் பேர். எனக்கும் அவளுக்கும் நடுவில் எப்போதும் யாராவது ஒரு பிள்ளை படுத்திருக்கும். இது அண்ணாச்சிக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார்: "எலே இசக்கி, இது அம்புட்டையும் தள்ளிவிட்டுரு. ஆனா ஒண்ணுகூடத் திரும்பி வரக் கூடாது, வந்தா கடைக்குக் கேவலம். செஞ்சிட்டேன்னு வையி, செம்பூர் கடையில நீதாம்ல உக்காருத, பின்னால உள்ள ரூமும் உனக்குத்தான்."

பேச்சியம்மாள் சுட்ட முதல் அப்பம்

ஒரு சாமானை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரியாமல் விற்றால் அது மறுநாளே படியேறித் திரும்பி வரும். அதனால் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போனேன். பேச்சியம்மாள் இருந்த தோசை மாவை ஊற்றி மூடினாள். திறந்தால் அப்பம் இரண்டாகக் கிழிந்து, பாதி மேல்தட்டில், பாதி கீழ்த்தட்டில். இதில் உங்களுக்கு எது எனக்கு எது என்று கேட்டாள். அவளுடைய அக்கா பிள்ளைகள் குச்சியை வைத்துக் கட்டம் கட்டமாகச் சுரண்டித் தின்றன.

மூன்று நாள் விடாமல் பார்த்தோம். முதலில் காயவைத்து, நல்லெண்ணெய் தடவி, அரை வெங்காயத்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் தேய்த்து, மறுபடி காயவைத்து, இப்படி மூன்று தடவை பழக்க வேண்டும். தோசை மாவு ஆகாது. கோதுமை மாவு, கொஞ்சம் அரிசி மாவு, மோர், ஒரு சிட்டிகை சோடா உப்பு, வெல்லம். முட்டைக்குப் பதில் ஒரு வாழைப்பழத்தைப் பிசைந்து போட்டாள். கையில் எடுத்தால் சொட்டாமல் திரளாக விழ வேண்டும், அந்தப் பதம். ஆவி நிற்கிறவரை திறக்கக் கூடாது. மூன்றாம் நாள் முழுசாக ஒரு அப்பம் கழன்று விழுந்தது. சந்தோஷத்தில் நான் உளியை எடுத்து மேல்தட்டின் ஓரத்தில் அவள் பேரை வெட்டப் போனேன். வார்ப்பிரும்பு. பித்தளை மாதிரி வளைந்து கொடுக்காது. இரண்டாவது எழுத்திலேயே நகத்துண்டு போல ஓரம் தெறித்துப் போனது, உள்ளே மயிரிழை மாதிரி ஒரு கீறலும் ஓடியது. அந்த ஒரு கல் வீணானதை அண்ணாச்சி ஒரு வருஷம் சொல்லிக் காட்டினார். பேச்சியம்மாள் ஒரு தடவைதான் சொன்னாள்: "எம் பேர வெட்டணும்னு உங்கள யாரு கேட்டா?"

மாமியும் கறுப்புப் பிசுக்கும்

மீதி இருபத்து மூன்று. முதலில் வாங்கியவர் மாதுங்காவில் மூன்றாம் மாடியில் இருந்த லலிதா மாமி. அன்று அவர் டபரா வாங்க வந்தவர். அந்த வருஷங்களில் ரேஷனில் அரிசி கொஞ்சமாகவும் கோதுமை நிறையவும் போட்டார்கள். கோதுமை தோசையைக் கண்டாலே வீட்டில் எல்லாரும் எழுந்து போகிறார்கள் என்று மாமி குறைப்பட்டுக்கொண்டார். அதைக் கேட்டதும்தான் எனக்கு வழி கிடைத்தது. பேச்சியம்மாள் கட்டிக் கொடுத்திருந்த கோதுமை அப்பத்தை அவரிடம் காட்டினேன். அவர் வெளியில் செய்த பண்டம் எதையும் தொட மாட்டார். ஆனால் ஒடித்துக் காட்டச் சொன்னார், மொறுமொறுவென்ற சத்தத்தைக் கேட்டார்.

முட்டை போடாமல் சுடுகிற வீட்டுக்கு மேலோட்டக் கட்டம்தான் சரி என்று சொல்லி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். ஆழக் கட்டத்தில் முட்டையில்லாத மாவு உடைந்து உள்ளேயே நிற்கும். மாமி விரலால் ஒரு தேய் தேய்த்தார். துரு பிடிக்காமல் இருக்க சீமைக்காரன் தடவி அனுப்பிய கறுப்புப் பிசுக்கு விரலில் ஒட்டியது. இது என்ன கொழுப்பு என்று கேட்டார். எனக்குத் தெரியாது, தெரியாது என்றே சொன்னேன். மெழுகாகவும் இருக்கலாம், மாடாகவும் இருக்கலாம். மாமி விரலை விரித்தபடியே நின்றார், கையை எங்கே கொண்டுபோவது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் சோப்பு கொடுத்துவிட்டு, பின்கட்டில் கரி அடுப்பு மூட்டி, அவர் கண் முன்னாலேயே கல்லை நெருப்பில் போட்டேன். புகை அடங்கிச் சாம்பல் பூத்த பிறகுதான் எடுத்தேன். அரை மணி நேரம் மாமி மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்று பார்த்தார். கடைசியில் சொன்னார்: "அக்னியில போட்டு எடுத்துட்டே, அதனால வாங்கிக்கறேன். ஆனா எங்காத்து மாமா கடைக்கு வந்தா, கொழுப்புங்கற வார்த்தையே உன் வாயில வரப்படாது."

பேர் இல்லாத பாத்திரம்

முலுண்டிலிருந்து சுந்தரம் சார் என்று ஒரு குமாஸ்தா வருவார். ஆபீஸ் முடிந்து லோக்கல் ரயிலில் போகிறவர், இடையில் மாதுங்காவில் இறங்கி எங்கள் கடைக்கு வந்து ஒவ்வொரு பொருளையும் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போவார். அவர் வாஃபிள் கல்லை எடுத்துப் பிடியைப் பிடித்து நாலு தடவை திருப்பினார். வாங்குகிறேன், பேர் வெட்டிக் கொடு என்றார். இதில் வெட்டினால் உடையும் என்றேன். அப்படியானால் வேண்டாம் என்று வைத்துவிட்டார். பேர் வெட்டாத சாமான் அவர் கட்டிடத்தில் ஒரு வாரம் தங்காதாம். நாலு வீட்டுக்குச் சுற்றிவிட்டு ஐந்தாவது வீட்டில் நின்றுவிடுமாம்.

அவரைப் போகவிட்டால் மற்றவர்களும் இதையேதான் கேட்பார்கள். பழைய பித்தளைச் செம்பு ஒன்றின் அடியிலிருந்து ரூபாய்க் காசு அளவுக்குத் தகடு வெட்டினேன். அதில் அவர் பேரைப் போட்டு, ஓட்டை குத்தி, கம்பியால் பிடியில் முறுக்கிக் கட்டினேன். கம்பியை இழுத்துப் பார்த்தார். பின்பக்கம் காலியாக இருக்கிறதே, அங்கே 'திருப்பித் தரவும்' என்று போடு என்றார். போட்டேன். அதற்குப் பிறகு எல்லாக் கல்லுக்கும் தகடுதான். தட்டில் மட்டும் உளியை வைத்துவிடாதே, என் வீட்டில் உடைந்ததைப் பார்த்தாயல்லவா என்று தங்கச்சாமியிடம் அன்றே சொன்னேன். அவன் தலை சீவிக்கொண்டே தலையாட்டினான். சுந்தரம் சார் தகட்டைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பேர் வெட்டறது நம்ம பாத்திரம்னு நமக்குத் தெரியறதுக்கு இல்லப்பா, கேட்டு வாங்கிண்டு போறவாளுக்குத் தெரியறதுக்கு."

கரண்டில் சுடுகிற கல்

செம்பூரிலிருந்து ஒரு அம்மா டாக்ஸியில் வந்து இறங்கினார்கள். கையில் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே வெள்ளி மாதிரி மின்னுகிற வாஃபிள் மெஷின், கரண்டில் சுடுவது. அவர்கள் வீட்டுக்காரர் கம்பெனி செலவில் அமெரிக்கா போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவர், வரும்போது வாங்கி வந்திருக்கிறார். பிளக்கில் செருகியதும் இரண்டு நிமிஷத்தில் புகை வந்து, கட்டிடம் முழுக்க விளக்கு அணைந்துவிட்டது. அந்த ஊர்க் கரண்ட் நம்முடையதில் பாதிதானாம், கீழ்வீட்டு எலெக்ட்ரீஷியன் வந்து சொன்னானாம். இதைச் சரி செய்ய முடியுமா என்று கேட்க வந்திருந்தார்கள்.

முடியாது என்றேன். அடுப்பில் வைக்கிற கல்லைக் காட்டினேன். கேஸ் அடுப்பு உள்ள வீடு. தீ வட்டமாகப் பரவும், அதனால் கனம் குறைந்ததே போதும், அதிகக் கனத்தை எடுத்தால் காய்வதற்குள் பொறுமை போய்விடும். மெஷினில் சூடானால் சின்ன விளக்கு எரியும், இதில் எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். தண்ணீரைத் தெளித்தால் சொட்டு உருண்டு ஓட வேண்டும், ஒட்டிக்கொண்டு கொதித்தால் இன்னும் காயவில்லை என்று தெளித்துக் காட்டினேன். வாங்கிக்கொண்டார்கள். வெந்துபோன மெஷினைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போகட்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். டாக்ஸியில் ஏறியவர்கள் கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்கள்: "அவர் அமெரிக்கா போனதே கரண்டப் பத்திப் படிக்கத்தான். நீங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

ஆடுகிற கீல்

தாராவியில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித் தோல் பட்டறை வைத்திருந்தவர் ரஹீம் பாய். திருநெல்வேலிப் பக்கம்தான். வீட்டில் பதினோரு பேர், காலையில் ஒரே நேரத்தில் பசி. அவர் வீட்டு அம்மா கடைக்கு வர மாட்டார்கள், நாலைந்து கல்லைச் சாக்கில் கட்டி வீட்டுக்கு எடுத்து வா என்றார். பாய் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்துக் கனமானதே நல்லது என்றார். அதில் அவர் சொன்னது சரி. பம்ப் ஸ்டவ் ஒரே இடத்தில் சீறும், கனமில்லாத கல் நடுவில் கருகி ஓரத்தில் பச்சையாக நிற்கும். முட்டை சேர்க்கிற வீடு, ஆழக் கட்டம் தாராளமாக எடுக்கலாம்.

ஆனால் தேர்ந்தெடுத்தது பாய் இல்லை. எல்லாக் கல்லையும் உள்ளே கொண்டுவரச் சொல்லி அந்த அம்மாவின் குரல் வந்தது. கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம். ஒவ்வொரு கல்லையும் மூடி, செங்குத்தாகப் பிடித்துத் தண்ணீரை விட்டு, எங்கே சொட்டுகிறது என்று பார்த்திருக்கிறார்கள். ஐந்து வருஷம் பாத்திரக் கடையில் நின்ற எனக்கு அந்தச் சோதனை தோன்றவில்லை. இரண்டு தட்டும் சேராத கல்லில் மாவு அடுப்பில் வழியும், கீலைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். இரண்டை வைத்துக்கொண்டு மீதியைப் பாயிடம் கொடுத்தனுப்பினார்கள். திரைக்குப் பின்னாலிருந்து சொன்னது வாசலுக்கும் கேட்டது: "கீல் ஆடுதத எடுத்துட்டுப் போவச் சொல்லுங்க, இந்த வீட்டுல ஆடுத சாமான் ஏற்கனவே இருக்கு."

புளி

ஒரு நாள் மத்தியானம் லலிதா மாமி துண்டில் சுற்றிய ஏதோ ஒன்றைத் தூக்கிக்கொண்டு எதிர்ச்சாரியிலிருந்து ரோட்டைத் தாண்டி வந்தார். அது என்ன என்று எனக்குத் தூரத்திலேயே தெரிந்துவிட்டது. அதுவரை பதினெட்டு போயிருந்தது, ஒன்றும் திரும்பவில்லை. அண்ணாச்சி கல்லாவில் இருந்தார். நான் ஓடிப்போய்ப் படியிலேயே மாமியை நிறுத்தினேன். துண்டைப் பிரித்தால் கல் கறுப்பாகவே இல்லை. வெள்ளி டம்ளர் மாதிரி இருந்தது. தினமும் புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் ஒவ்வொரு கட்டமாகத் தேய்த்திருக்கிறார். எண்ணெய்ப் பழக்கம் முழுக்கப் போய், மாவு சிமெண்டு மாதிரி ஒட்டுகிறது. எச்சில் பாத்திரம் மாதிரி அப்படியே எண்ணெயோடு எடுத்து வைக்க மனசு வரவில்லை என்றார். மாதுங்காவில் அந்தக் கல்லை வாங்கிய பத்து வீட்டிலும் இதுதான் நடந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று சாயங்காலம் முதல் வீடு வீடாகப் போனேன். கடை வேலை முடிந்து, கையில் நல்லெண்ணெய் பாட்டில், அரை வெங்காயம். வெங்காயம் ஆகாத நாள் என்றால் வாழைத்தண்டு. பத்து வீட்டில் ஏழு வீட்டுக் கல் பளபளவென்று இருந்தது. எல்லாவற்றையும் பழக்கி, துணியால் துடைத்தால் போதும், நெருப்பே சுத்தம் செய்துவிடும் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் அன்று மத்தியானம் படியில் நாங்கள் பேசுவதைத் தங்கச்சாமி பார்த்துவிட்டான். நேராக அண்ணாச்சியிடம் போய் ஒன்று திரும்பி வந்துவிட்டது என்றான். அண்ணாச்சி எழுந்து வந்தார். மாமிதான் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "திருப்பிக் குடுக்க வரலை. கேழ்க்க வந்தேன். உங்க கடையில ஒருத்தன் கேட்டா பதில் சொல்றான், அவன்கிட்ட வந்தேன்."

கடைசிக் கல்

இருபத்திரண்டு போய்விட்டது. ஒன்றுதான் மீதி. பேச்சியம்மாள் செம்பூர் அறைக்குக் கோரைப்பாய் எத்தனை அடியில் வாங்குவது என்று அளவு கேட்க ஆரம்பித்திருந்தாள். நான் ஒரு நாள் போய் நூல் பிடித்து அளந்துகொண்டும் வந்தேன்.

அந்த வாரம் சுந்தரம் சார் வீட்டில் மாவு ஒட்டுகிறது என்று தகவல் வந்தது. முலுண்டுக்குப் போனேன். அது திரும்பி வந்துவிடக் கூடாதே என்ற பயம். நான் அங்கே வெங்காயம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, இங்கே அண்ணாச்சி மனைவி செல்லத்தாய் மதினி கடைக்கு வந்து, எல்லார் வீட்டிலும் இருக்கிறது, நம் வீட்டில் இல்லை என்று அந்தக் கடைசிக் கல்லைக் கேட்டிருக்கிறார். தங்கச்சாமிக்கு அக்காவைச் சந்தோஷப்படுத்த வேண்டும். எழுத்து வெட்ட என்னைப் பார்த்துப் பழகியிருந்தான், தகடு வெட்ட அவனுக்குத் தெரியாது. என் உளியை எடுத்து, மேல்தட்டின் நடுவில், 'செல்லத்தாய்' என்று பெரிதாக, இரண்டு பக்கமும் பூப் போட்டு வெட்டிக் கொடுத்துவிட்டான். நான் வந்து கேட்டபோது, நன்றாக வந்திருக்கிறது அண்ணே, உங்களை விட எழுத்து வட்டம் என்றான். நான் உடனே மதினி வீட்டுக்கு ஓடினேன். கல்லை அடுப்பில் வைக்க வேண்டாம் என்றேன். என் தம்பி வெட்டினால் உடையும், நீ வெட்டினால் உடையாதோ என்று மதினி கேட்டார். நான் வந்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் நின்று சண்டை போட்டிருக்க வேண்டும்.

நாலாம் நாள் ஊரிலிருந்து சம்பந்தம் பேச ஆள் வந்திருந்தபோது மதினி கல்லை அடுப்பில் வைத்திருக்கிறார். காய்ந்ததும் டப்பென்று சத்தம். தட்டு இரண்டாகி, மாவு முழுக்க ஸ்டவ்வுக்குள் போய், வந்தவர்கள் இருமிக்கொண்டே எழுந்து போயிருக்கிறார்கள். இரண்டு துண்டும் கடைக்கு வந்தது. விரிசல் சரியாக உளி பட்ட எழுத்துகளின் வழியாகவே போயிருந்தது, ஒரு எழுத்தைக்கூட விடவில்லை. அதை அண்ணாச்சியிடம் காட்டி, இதற்கு நான் எப்படிப் பொறுப்பு என்று கேட்டேன். தொட்டுப் பார்த்தார், விரலை விரிசலில் ஓட்டினார். தங்கச்சாமியைப் பார்த்தார். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்தான். அண்ணாச்சிக்குப் புரிந்துவிட்டது. அவர் முகத்தில் அது வந்துபோனதை நான் பார்த்தேன். பிறகு துண்டுகளைக் கவுண்டருக்கு அடியில் தள்ளிவிட்டுச் சொன்னார்: "நீ வித்தா என்ன, அவன் வித்தா என்ன, கடை வித்தது. ஒண்ணு திரும்பி வந்துட்டுதா இல்லையா, அத மட்டும் சொல்லு."

செம்பூர் கடை

திறப்பு விழாவுக்கு வாழை மரம் கட்டினார்கள். கல்லாவில் தங்கச்சாமி, நெற்றியில் சந்தனம். முதல் வாரம் கூட்டம் வரும், பேர் வெட்ட ஆள் வேண்டும் என்று என்னை அனுப்பினார்கள். பின்னால் இருந்த அறையில் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். தங்கச்சாமிக்கு அந்த அறைகூடத் தேவைப்படவில்லை, அவன் அக்கா வீட்டில்தான் சாப்பிட்டுப் படுத்தான்.

அந்தக் கரண்ட் மெஷின் அம்மாவும் வந்தார்கள். கல் நன்றாக இருக்கிறது, இன்னொன்று வேண்டும், தங்கைக்கு என்றார்கள். இல்லை என்றேன். நீங்கள்தான் இந்தக் கடைக்கு மேனேஜரா என்று கேட்டார்கள். அதற்கு நான் என்ன சொன்னேன் என்பது ஞாபகமில்லை. மத்தியானம் கூட்டம் குறைந்ததும் தங்கச்சாமி கல்லாவை விட்டு இறங்கி, கையில் ஒரு இரும்புப் பணியாரக் கல்லுடன் என் பக்கத்தில் வந்து குந்தினான். குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "அண்ணே, இதுல பேரு கேக்காக. எங்க வெட்டுனா உடையாது?"

தரையைப் பார்த்துக் கேட்டது

கல்லில் எங்கேயும் வெட்டாதே, தகட்டில் வெட்டிக் காதில் கட்டு என்று அவனுக்குச் சரியாகத்தான் சொல்லிக் கொடுத்தேன். தப்பாகச் சொல்லியிருக்கலாமே என்று அன்று ராத்திரி முழுக்கத் தோன்றிக்கொண்டிருந்தது. பேச்சியம்மாள் அழவில்லை. அளந்து வைத்திருந்த நூலைச் சுருட்டி ஊசி டப்பாவில் போட்டாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "அவரு மொகத்தப் பாத்துக் கேட்டீங்களா, இல்ல தரையப் பாத்துக் கேட்டீங்களா?"

தரையைப் பார்த்துத்தான் கேட்டிருந்தேன். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் அந்த எட்டுப் பேர் அறையிலேயே இருந்தோம். பிறகு கோவண்டியில் ஒரு அறை பிடித்தோம், அது வேறு கதை. அண்ணாச்சி கடையிலிருந்தும் விலகி வேறு கடைகளில் நின்றேன். அவருக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. முலுண்டில் மகன் வீட்டில் இருக்கிறார். ஒவ்வொரு தீபாவளிக்கும் போய்ப் பார்க்கிறேன். முகத்தைப் பார்த்து, அந்தக் கடைசிக் கல் ஏன் உடைந்தது அண்ணாச்சி என்று கேட்கிறேன். அவர் காபி கொண்டுவரச் சொல்கிறார். அந்த இரும்பு சரியில்லை என்று ஒரு வருஷம், மதினி தீயைக் கூட்டி வைத்துவிட்டாள் என்று ஒரு வருஷம். போன தீபாவளிக்குச் சொன்னார்: "இன்னுமால அத நெனச்சிக்கிட்டு இருக்க?"

பேர் வெட்டியது தங்கச்சாமி என்று ஒரே ஒரு வாக்கியம் அவர் வாயால் எனக்கு வர வேண்டியிருக்கிறது, அது வருகிறவரை அண்ணாச்சி நல்லபடியாக இருக்க வேண்டும் என்று அவர் பிள்ளைகளைவிட அதிகமாகக் கும்பிட்டுக்கொண்டிருப்பவன் நான்தான்.